புள்ளி புள்ளியாய் ஒரு முகம்

கெசியா அந்த ஆளின் கீழுதட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மைப்பேனாவின் நுனி பட்டுப் பட்டு விலக, ஈரம் மினுங்கும் தடித்த உதடு ஒன்று காகிதத்தில் எழும்பி வந்தது.

கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜாஸ்பருக்குக் குமட்டியது. கட்டின புருஷன் கண்முன்னாலேயே இன்னொருத்தன் உதட்டை வரைகிறாள்!

அவள் புள்ளி ஓவியம் போடுவது புதிதில்லை. ஜங்ஷனில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை முடிந்து தச்சநல்லூர் வீட்டுக்கு வந்ததும் பலகையை எடுத்துவிடுவாள். கோடே கிடையாது, எல்லாம் புள்ளிதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை வரைந்து முடிக்க ஒரு மழைக்காலமே போயிற்று.

முடிந்ததும் போனில் படம் பிடித்து எல்லாக் குரூப்புக்கும் அனுப்புவாள். டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஜாஸ்பர் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பான்.

ஆனால் மனித முகத்தை மட்டும் அவள் தொட்டதே இல்லை. "என்னைய ஒண்ணு வரையேன்" என்று அவன் கெஞ்சியபோதுகூட, "எனக்கு முகம் வராதுங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

இப்போது வந்திருக்கிறதே! ஊதிய இமை. மூக்கோரம் ஒரு மரு. மூக்குத் துவாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர். இதெல்லாம் கண்ணில் பட வேண்டுமென்றால் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்றிருக்க வேண்டும்.

அது மட்டுமா? பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும் அவன் தங்கை ஸ்டெபி அதே வழியில் பஸ் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கெசியா மட்டும் கொஞ்ச நாளாக அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேதான் வருகிறாள். ஏன் என்று கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதுதான?" என்கிறாள்.

வந்ததும் குளியல். பேனாவை மூடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். துடைத்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவுகிறாள். எந்த அசிங்கத்தைக் கழுவுகிறாள் என்று அவனுக்கா தெரியாது? அவள் வைத்த மீன்குழம்பு இப்போதெல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்குவதில்லை.

"யாருட்டி அவன்?" என்றான்.

"முடியட்டும். சொல்லுதேன்."

"வயசுப்புள்ள இருக்குத வீடு. ஸ்டெபி கண்ணுல பட்டா என்ன நினைப்பா?"

"ரூமுக்குள்ள வச்சித்தான வரையுதேன்."

"பொறவு? இதையும் ஊருக்குக் காட்டப் போறியோ?"

கெசியா நிமிரவில்லை. அந்த மருவின் மேல் இன்னொரு புள்ளியை அழுத்தி வைத்தாள். "ஊருக்குக் காட்டத்தான் வரையுதேன்."

மானங்கெட்டவள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவள் சாப்பிடக்கூட இல்லை. அறைக்குள் போய் அந்தக் கண்களுக்குக் கடைசிப் புள்ளிகளை வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பலகையை நிறுத்தி, போனில் படம் பிடித்தாள்.

ஜாஸ்பரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். குடும்பக் குரூப்பில் அந்த மூஞ்சி! சித்தப்பா, அத்தை, சபைப் போதகரின் மனைவி வரைக்கும் எல்லோரும் இருக்கிற குரூப்.

கெசியா படத்துக்குக் கீழே ஏதோ எழுத ஆரம்பித்திருந்தாள். பாய்ந்து போய் அவள் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தான்.

"சீ! நீயெல்லாம் ஒரு பொம்பளையா? கெளம்பு. இப்பமே ஒன்னைய ஒங்கப்பா வீட்டுல கொண்டு விட்டுருதேன்."

"நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க..."

"கேக்கவே அருவருப்பா இருக்கு. வாயத் தெறக்காத!"

வாசலில் நிழலாடியது. ஸ்டெபி நின்றிருந்தாள். கையில் அவளுடைய போன். திரையில் அதே முகம்.

"வா, ஸ்டெபி. ஒன் மதினி லெச்சணத்தப் பாத்தியா? காறித் துப்பு!"

ஸ்டெபி அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி நேராக உள்ளே வந்து கெசியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, பஸ்ஸுல இவன் ஒங்களையுமா?"