வகுபடாத எண்

ஈரத்துணியை எடுத்துக் கரும்பலகையில் இருந்த நண்பனின் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தார் பேராசிரியர் கொர்னேல். தன் பெயரை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வெந்தெல் உள்ளே வந்தார், கோட்டுப் பையில் பிளம் சாராயப் புட்டியோடு. பல வருஷமாக இருவரும் சேர்ந்து கட்டிக்கொண்டு அழுத எண் பலகையில் அப்படியே இருந்தது: 70423816951573107. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் அது வகுபடாது என்று இன்றைக்கு அறிவிக்க வேண்டும்.

"என் பேர் எங்கடா?"

கொர்னேல் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வெளிய வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. புடாபெஸ்ட்லேர்ந்து வந்தவங்களும் கேக்கட்டும்."

புடாபெஸ்ட்காரர்கள் செகெத் ஊரின் மீன் சூப்பை ஒரு பிடி பிடித்துவிட்டு முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சண்டை என்றதும் விழித்துக்கொண்டார்கள். கணக்காக இருந்தால் விழித்திருக்க மாட்டார்கள்.

வெந்தெல் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கையில் சாக்பீஸால் 69 என்று எழுதியிருந்தது.

"என்னது இது, உன் வயசா? மறந்துடும்னு எழுதி வச்சிருக்கியா?"

முன்வரிசை சிரித்தது. கொர்னேலின் வயது அதுதான். அடுத்த மாதம் ஓய்வு; அவருடைய துறைத்தலைவர் நாற்காலி வெந்தெலுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது.

"போறப்போ எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போகலாம்னு பாக்கற. என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்டா நீ. உன்னைப் போய் நம்பினேனே."

"நான் போகப்போறவன், வெந்தெல். நீ இங்கேயே இருக்கப்போறவன். இன்னிக்கு மேடையில நான் மட்டும் நிக்கறேன், விட்டுடு."

"நிரூபணம் மூணு பலகை. ரெண்டு பலகை என்னோடது. நீ என்னத்தைக் கிழிச்ச?"

"காலையில ஒரு தடவை கூட்டிப் பாத்தேன்."

"கூட்டறது மளிகைக் கடைக்காரன் வேலை."

அந்த ஊர்க் கணித மேதைகள் எல்லாரும் அப்படித்தான். மூன்று பலகை நிரூபணம் என்றால் மூச்சுவிடாமல் எழுதுவார்கள். காப்பிக்கடையில் பில்லை மட்டும் பரிமாறுபவரே கூட்டித் தர வேண்டும்.

வெந்தெல் துணியைப் பிடுங்கினார். கொர்னேலின் பெயரைச் சுவடு தெரியாமல் துடைத்தார். அந்த இடத்தில் தன் பெயரை, பின்வரிசைக்கும் தெரிகிற அளவில், எழுதினார்.

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். வெந்தெல் எண்ணின் மேல் ஒரு கையை வைத்து, இன்னொரு படத்துக்கும் நின்றுகொடுத்தார்.

கொர்னேல் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் மனசு கேட்காமல் திரும்பி வந்து, நண்பனின் காதோரம் குனிந்தார்.

"அது என் வயசு இல்லடா. இந்த எண்ணோட இலக்கமெல்லாம் கூட்டினா அவ்வளவு வருது, மூணால வகுபடுது."