ஒரு கைக்குத்தான் அந்த விலை

"ரெண்டு கையையும் மேல தூக்கு. அசையாத."

எழில்மதி தூக்கினாள். கண்ணைக் கட்டியிருந்தார்கள். கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அக்குளில் சுரீரென்று சூடு இறங்க, முடி பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது.

"முடிஞ்சிது, எந்திரி." தனுஷா மேடம் கண்கட்டை அவிழ்த்தாள். லேசர் மெஷினின் ஊதா விளக்கு அணைந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்த அந்த ஸ்கின் கிளினிக்கில் எழில்மதிக்கு இது மூன்றாவது சிட்டிங். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒன்பதே நாள்.

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன் சின்னசேலம் பஸ்ஸில் ஆரம்பித்தது. ஜவுளிக்கடை வேலைக்கு வந்துகொண்டிருந்தவளின் பக்கத்தில் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தியவள், கள்ளக்குறிச்சி வரும்வரை கையை எடுக்கவே இல்லை.

இறங்கும்போது ஒரு நோட்டீஸைக் கையில் திணித்தாள். "தப்பா நெனைக்காதம்மா. எனக்கும் இருந்துச்சி. இங்க வந்துதான் போச்சி."

'அக்குள் துர்நாற்றமா? ஒரே சிட்டிங். நிரந்தரத் தீர்வு. ரூ.999 மட்டுமே!'

எழில்மதிக்கு உடம்பெல்லாம் கூசியது. கடையில் கூட வேலை பார்க்கும் அப்சானாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாள் பூரா உன்ன ஒட்டிக்கினு நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் தெரிலயேடி!" அப்சானா சிரித்தாள். "மாப்ள வந்தாலும் வந்தான், உனக்குக் கிறுக்கு புடிச்சிடுச்சி."

மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்கிறாள் என நினைத்தாள் எழில்மதி. மறுநாளே கிளினிக் மாடிப்படி ஏறினாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது ஒரு கைக்கும்மா. உனக்கு ரெண்டு இருக்குல்ல?" என்றாள் தனுஷா மேடம் அன்றைக்கு. வேர்வை டெஸ்ட் தனி. மரத்துப்போக வைக்கும் களிம்பு தனி. ஒரே சிட்டிங் என்றது, 'உன் தோலு ரொம்ப மோசம்' என்று ஆறாக வளர்ந்தது. கம்மல் அடகுக்குப் போயிற்று. வீட்டில் தொலைந்துவிட்டதாகச் சொல்லி அம்மாவிடம் அறை வாங்கினாள்.

இப்போது கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள். போன வாரம் லேசாகக் கறுத்திருந்த இடம், இன்று தீய்ந்த தோசையின் அடிப்பக்கம் போலிருந்தது. ஓரத்தில் கொப்புளம்.

"மேடம், இன்னா மேடம் இப்படி ஆயிடுச்சி?"

"நடுவுல அப்படித்தான் இருக்கும். இன்னும் மூணு சிட்டிங் போனா சரியாயிடும். இருபத்திரெண்டாயிரம் ஆவும்."

"என்கிட்ட சுத்தமா இல்ல மேடம். நான் இதோட நிறுத்திக்கிறேன்."

மேடம் கோபப்படவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். கீழே எழில்மதியின் கையெழுத்து. அதற்கு மேலே, எறும்பு வரிசை போல் பொடி எழுத்துகள்.

"ஆஃபருக்குக் கையெழுத்து போட்டல்ல? பாதியில நிறுத்துனா, உன் போட்டோவ நாங்க விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம். பேரு, ஊரோட."

செல்போனைத் திருப்பிக் காட்டினாள். முதல் நாள் எடுத்த படம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழில்மதி. தலைக்கு மேலே 'சிகிச்சைக்கு முன்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"மாப்ள திருக்கோவிலூருல்ல? நம்ம ஃபேஸ்புக் பேஜ அந்தப் பக்கந்தான் ஜாஸ்தி பாக்கறாங்க."

எழில்மதி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மேடம், கால்ல வுழறேன். நிச்சயமே நின்னுடும். எங்கப்பா உசுரோட இருக்கமாட்டாரு."

"ச்சே, அழுவாத." மேடம் அவள் தோளைத் தட்டினாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "பணமே வேணாம். வேலை செஞ்சி கழிச்சிடு. உன்ன மாதிரி நாலு பொண்ணுங்க செஞ்சிக்கினு இருக்குதுங்க."

"இன்னா வேலை மேடம்?"

"கடைக்குப் போறதுக்கு முந்தி, காலையில எலவனாசூர்கோட்டை பஸ்ல ஒரு நடை போயி வா. அங்க உன்ன யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆவாத பொண்ணா பாத்துப் பக்கத்துல உக்காரு. மூக்கைப் பொத்திக்க. எறங்கறப்போ நோட்டீஸக் குடு."

ஒரு கட்டு நோட்டீஸை அவள் மடியில் வைத்தாள் மேடம்.

எழில்மதி மேலே இருந்த நோட்டீஸை எடுத்துப் படித்தாள். "அந்தப் பொண்ணுங்ககிட்ட நாத்தம் அடிக்கலன்னா, மேடம்?"

தனுஷா மேடம் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினாள்.

"உன்கிட்ட மட்டும் அடிச்சிதா?"