ஜன்னலோர சீட்

"அக்கா, நான் இந்த வேலைய விட்டுடப் போறேன்."

போனில் அக்கா சிரித்தாள். "கட்டடக்கலை படிச்சு முடிச்சிட்டு, எத்தனை ஆபீஸ் படியேறி இறங்குன! இப்பத்தானேடி சேர்ந்த?"

"நீ வந்து என் இடத்தைப் பாரு, அப்புறம் பேசு. மாடிப்படிக்கு அடியில, பழைய வரைபடச் சுருளோட சுருளா என்னையும் சொருகி வெச்சிருக்காங்க. ஒரு ஜன்னல் கிடையாது. வெளியில மழை பெய்யுதுன்னு, உள்ள வர்றவங்க குடையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்."

"சார்கிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"கேட்காமலா? அந்தச் சுவத்துல ஜன்னல் வெச்சா முகப்பு கெட்டுடுமாம்! முகப்பாம் முகப்பு! உள்ள இருக்கிறவ மூச்சு முட்டிச் செத்தாலும், தெருவுல போறவன் 'ஆகா'ன்னு சொல்லணும். வீடு கட்ட வர்றவங்ககிட்ட மட்டும் 'காத்தும் வெளிச்சமும்தாங்க வீடு'ன்னு பிரசங்கம். ஊருக்குத்தான் உபதேசம்!"

"ஏய் புதுசு! சார் கூப்பிடுறாரு!" மாடியிலிருந்து குரல் வந்தது.

கல்லூரியில் முதல் பரிசு வாங்கியவளுக்கு இங்கே அதுதான் பெயர். கழிவறையில் எந்த ஓடு எங்கே வரும் என்று வரைந்து வரைந்தே கை ஓய்ந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி, இப்போதுதான் ஒரு முழு வீட்டை வரையும் வேலை அவள் கைக்கு வந்திருந்தது.

"வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிச்சா நீ இங்கேயே இருக்கலாம். பிடிக்கலைன்னா வேற இடம் பார்த்துக்கோம்மா" என்று சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மனுஷனுக்குச் சுற்றி வளைத்துப் பேசவே வராது.

மாடியில், மேஜை மேல் அவள் அட்டையில் செய்த குட்டி வீடு. அதை வீட்டுக்காரம்மா சுற்றிச் சுற்றி வந்தார்.

"அடேயப்பா, முன்னாடி இவ்வளவு நீளத்துக்கு ஒரே சுவரா! ஒரு ஓட்டை ஒடைசல் இல்லாம, என்னமா இருக்கு! தெருவே திரும்பிப் பார்க்குமே!"

சாருக்கு வாயெல்லாம் பல். "நம்ம புதுசு வரைஞ்சதுதாங்க. வேலை உனக்குத்தான்மா, போ. வேற என்ன வேணும், கேளு!"

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது.

"ஜன்னல் வேணும் சார்."

"என்னது?"

"என் இடத்துல ஜன்னல் இல்ல சார். பகலா ராத்திரியான்னே தெரியல. பழைய சாமான் போடுற இடத்துல ஆளைப் போட்டா எப்படி? நானும் மனுஷிதானே சார்?"

சார் முகம் சுண்டிப்போனது. வந்தவர் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டாளே!

"பொண்ணு நியாயமாத்தானே கேட்குது" என்றார் வீட்டுக்காரம்மா.

"சரிம்மா, சரி. நாளைக்கே மேல வந்துடு. என் ரூமுக்குப் பக்கத்துல, ஜன்னலோர சீட். போதுமா?"

போதுமாவா! அக்காவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது.

வீட்டுக்காரம்மா மறுபடியும் அந்த அட்டை வீட்டின் மேல் குனிந்தார். "ஆமா, இந்த முன்சுவருக்குப் பின்னாடி, கார் நிறுத்துற இடத்தை ஒட்டிப் பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கே, இது என்னம்மா?"

"அது உங்க வீட்டு வேலைக்கார அம்மா தங்குற ரூம் மேடம். பழைய சாமானையும் அங்கேயே போட்டுக்கலாம்."

"ஜன்னலையே காணோமே?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பதில் தயாராக இருந்தது.

"அந்தச் சுவத்துல ஜன்னல் வெச்சா முகப்பு கெட்டுடும் மேடம்."