விஷக்கடி மானியம்

“எண்ணிப் பாத்துக்கிடுங்க ஐயா. குறைஞ்சா சொல்லுங்க, இன்னும் ஒரு ஆடு நிக்கி, வித்துத் தாரேன்.”

வைத்தியர் நம்பிராஜன் இதே சொற்களில் சொன்னாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டிலோ முப்பத்தொன்பதிலோ. பல வாய் மாறி வந்த கதை. ஆனால், பணமுடிச்சை நீட்டியபோது அவர் சிரித்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

ஜில்லா போர்டு ஆபீஸ் குமாஸ்தா சிவசைலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஏழைகளுக்கு விஷக்கடி வைத்தியம் பார்க்கவென்று நம்பிராஜனுக்கு ஒரு வருஷ மானியத்தை போர்டு முன்கூட்டியே கொடுத்திருந்தது. முதல் மாதத்துக்குப் பிறகு அவர் ஒருவருக்கும் மருந்து கொடுக்கவில்லை என்று தணிக்கையில் தெரிந்தது. மிச்சத்தைத் திரும்ப வாங்கிவர உத்தரவு. தென்காசியிலிருந்து சாரலில் நனைந்தபடி, யாரிடமும் வழி கேட்காமல், சிவசைலம் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார். சண்டை போடத்தான் வந்தார்.

“கூடுதலா இருக்கே. முதல் மாசத்துக்கு உள்ளது உங்களுக்குத்தான்.”

“வேண்டாம். ஒரு சல்லி இங்கன தங்கப்படாது. ஏட்டி முருகம்மா, சர்க்காரே வந்து எடுத்துட்டுப் போகுது பாத்தியா? நமக்கு நல்ல காலந்தான்!”

அவர் மனைவி முருகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவசைலம் முடிச்சைக் கீழே வைத்தார்.

“பணம் கெடக்கட்டும் அண்ணாச்சி. நான் கேக்க வந்தது வேற. போன ஐப்பசியில வயல்ல பாம்பு தீண்டி ஒரு பொம்பளைய வண்டியில கொண்டாந்தாவ. ‘நான் மருந்து தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க’ன்னு வாசல்லயே திருப்பிவிட்டிய. வழியிலயே போய்ட்டா. பேச்சித்தாய்னு பேரு. என் வீட்டுக்காரி.”

வைத்தியரின் சிரிப்பு நின்றது.

“ஏன்? அதை மட்டும் சொல்லிருங்க.”

முருகம்மாள்தான் வாயைத் திறந்தாள். “பாவி நான்தான் ஐயா. விஷக்கடிக்கு இவிய ஒரு வெத்தலைகூட வாங்கமாட்டாவ. வாங்கினா மருந்து பலிக்காதுன்னு குருவாக்கு. பிழைச்சவன் கும்பிடப்படாது, போயிட்டு வாரேன்னு சொல்லப்படாது. இவியளும் அவன் பேரு கேக்கமாட்டாவ, முகத்தைப் பாத்து வச்சுக்கிடமாட்டாவ. கேக்காமலே போர்டுல இருந்து பணம் வந்துச்சு. மக கல்யாணத்துக்கு ஆச்சேன்னு இவியளுக்குத் தெரியாம வாங்கிட்டேன்.”

“அந்த மாசம் மருந்து குடிச்ச ரெண்டு பேரும் செத்துட்டாவ,” என்றார் வைத்தியர். “அப்பந்தான் சேதி தெரிஞ்சுது. காசு கல்யாணத்துல கரைஞ்சு போச்சு. அதைத் திருப்பிக் கட்டணும்னா, கன்னுக்குட்டி வளந்து விலை போக இம்புட்டு நாளாயிட்டு. உங்க வீட்டுக்காரிக்கு மருந்து கொடுத்திருந்தாலும் பலிச்சிருக்காது தம்பி. என் கையில விஷம் இருந்துச்சு.”

சிவசைலம் முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எவனோ ஒரு புண்ணியவான், நல்லது செய்யுதோம்னு நெனச்சு என் பேரை எழுதிவிட்டிருக்கான். ஆபீஸ்ல அவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. எனக்குக் கோவம் இல்ல. இன்னொருத்தருக்கும் இப்படிச் செஞ்சிராதேன்னு சொல்லணும், அம்புட்டுதான்.”

சிவசைலம் முடிச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். கும்பிடவில்லை. போயிட்டு வாரேன் என்றும் சொல்லவில்லை. முருகம்மாள் மட்டும் அவர் போன விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நம்பிராஜன் மருந்து அரைக்கத் தொடங்கினார், சாகும்வரை அரைத்தார். அவருக்குப் பிறகு முருகம்மாள் கடையம் ஊரில் இருந்த மகள் வீட்டுக்குக் குடிபோனாள். சிவசைலம் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய கெண்டைக்காலில், என்றோ ஒருநாள் நம்பிராஜன் விஷம் இறக்கிய பாம்புப் பல்தடங்கள் இரண்டு கடைசிவரை இருந்தன. அன்று உயிர் காத்ததற்குக் கைம்மாறாகத்தான் அந்த மானியத்துக்கு வைத்தியரின் பெயரை அவர் எழுதி அனுப்பியிருந்தார்.