தேரோட்டியின் வசை

ரோனத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

பாய்ன் ஆற்றுத் துறையில் முழங்கால் அளவுத் தண்ணீர். அக்கரை வீரனின் வாள் அவளைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தது. அவள் பின்வாங்கி யாரும் பார்த்ததில்லை. அவளுடைய தேர்ச் சத்தம் கேட்டால் அக்கரைக்காரர்கள் நாயைக்கூட வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

இருவர் துறையில் மோதும்போது படைகள் அசையக்கூடாது. ஜெயித்தவர் பக்கத்துக்கு ஆற்றைக் கடக்க வழி. எங்களுக்குப் பின்னால் மலைக்கோட்டையில் மாடுகளும் பிள்ளை பெற்றவர்களும்தான் இருந்தார்கள். காவலுக்கு ஒரு கிழவன்கூடக் கிடையாது.

நான் அவளுடைய தேரோட்டி. என் வேலையில் குதிரை பாதிதான். அவள் ஜெயிக்கும்போது புகழ வேண்டும். தோற்கும்போது ரோஷம் வரும்வரை திட்ட வேண்டும். இத்தனை வருடமாகப் புகழ்ந்து புகழ்ந்தே தொண்டை பழகிப்போயிருந்தது.

மற்ற நாட்களில் அவளை அக்கா என்பேன். அன்று அந்த வார்த்தையைக் கழற்றி வைத்தேன்.

“ஏய் ரோனத்! ஆடு மேய்க்கிறவகூட இதைவிட நல்லா கம்பு சுத்துவாடி! என்ன, அவனைக் குளிப்பாட்டி விடுறியா?”

அக்கரையில் சிரித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்த நேரத்தில் தோளில் ஒரு வெட்டு விழுந்தது.

மறுபடி திட்டினேன். சுண்ணாம்பு பூசி நிறுத்திய அவள் முடியை, அவள் குலத்தை, அவளைப் பெற்ற வயிற்றை. சொல்லக் கூசுவதெல்லாம் வாயில் வந்தது.

அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டு தடவை அவன் கழுத்து அவளுக்கு எதிரே திறந்து கிடந்தது. இரண்டு தடவையும் அவள் கை தயங்கியது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இரக்கம் காட்ட இதுவா நேரம்? மலைமேல் நேற்றுப் பிறந்த குழந்தை இருக்கிறது.

மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“என்னை எதுக்குடி பாக்குற? என் மூஞ்சியிலயா வாள் இருக்கு? பச்சத் தண்ணியில அவன் இடது முட்டி மரத்துப் போயிரும். அங்க போடு! போட்டுத் தொலை!”

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். முதலில் கண்ணை எடுத்தவள் ரோனத்.

கேடயத்தின் விளிம்பு முட்டியில் இறங்கியது. அவன் மடங்கினான். பிறகு ஒரே வீச்சு. அவன் எழவில்லை.

எங்கள் பக்கம் கூச்சல் எழுந்தது. அக்கரைப் படை ஈட்டிகளைத் தாழ்த்திக்கொண்டு திரும்பியது. சொன்ன சொல் மாறாதவர்கள். எங்கள் ஆள் ஒருவன் கத்தியோடு தண்ணீரில் குதித்தான். தோற்றவன் தலையை எடுத்துத் தேரில் கட்டுவது வழக்கம்.

ரோனத் குதித்தவன் கழுத்துக்கு நேரே வாளை நீட்டினாள்.

“கிட்ட வந்தா உன் தலைதான் தேர்ல தொங்கும். கெடக்குறது என் தேரோட்டி இவளோட தம்பிடா.”

அவன் கத்தியை இறக்கிக்கொண்டு கரையேறினான்.

எங்கள் நாட்டு வழக்கப்படி, பால் பல் விழும் வயதில் அக்கரைக் குடும்பத்தில் வளரக் கொடுத்த பிள்ளை. வளர்த்தவர்களுக்காக வாளெடுத்தான், அதில் அவன்மேல் எனக்குக் குறையில்லை. அதற்கு முன் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து இடது முட்டி பெயர்ந்த அன்று அவனை வீடுவரை சுமந்தவள் நான். இன்று அவன் துறையில் இறங்கி லோர்கன் என்று பெயர் சொன்னதுமே ரோனத்துக்கும் புரிந்துவிட்டது. அவனைப் பற்றி அவளிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன்.

கடிவாளத்தை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை, நன்றாக வளர்ந்திருந்தான்.

ரோனத் வாளைக் கரையில் எறிந்துவிட்டு வந்து, அவன் கால் பக்கம் பிடித்தாள்.