ஆழத்தில் மட்டும்

காலை பத்தே கால் மணி. கடலடியில் கேபிளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கஸ்பாருக்கு மகள் பெலிசிட்டாவின் குரல் கேட்டது.

நீரின் அழுத்தத்தில் அவருடைய செவிப்பறைகள் கிழிந்த பிறகு கம்பெனி புதியவற்றைப் பொருத்தியிருந்தது. அவை ஆழத்தில் மட்டுமே வேலை செய்தன. கரையில் எதுவும் கேட்காது. அதனால், வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அவள் படகுக்கே வந்து, கடலடிக்குப் பேசும் மைக்கைப் பிடித்திருந்தாள்.

"வீட்டுல மாதிரி கேக்காமலே தலைய ஆட்டாதியப்பா. இனி மூணு வருஷம் வரமாட்டேன். போவட்டுமா? சரின்னா கயித்த இழுங்க."

வாயில் காற்றுக்குழாய் இருந்ததால் அவரால் பேச முடியாது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தால் படகுக்காரர்கள் மேலே தூக்கிவிடுவார்கள். குரல் நின்றுவிடும். கயிற்றைத் தொடாமல் அப்படியே இருந்தார்.

"யப்பா, கேக்குதா?"