சாப்பிடுதானா

எங்கள் பதிவுகளில் அப்படி யாரும் இல்லை.

அதே ஆங்கில வாக்கியத்தை அவர் மறுபடியும் சொன்னார். சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. குரலிலும் கிடையாது.

அவள் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவள் உறுப்பினராக இருக்கும் இந்த நாடாளுமன்றக் குழு புத்தம் புதியது. உளவு அமைப்புகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் குழு. இன்று முதல் அமர்வு. கதவைச் சாத்தியாயிற்று. கைபேசிகளெல்லாம் வெளியே ஒரு மரப்பெட்டியில் கிடந்தன.

எதிரே உளவு அமைப்பு ஒன்றின் இயக்குநர். பெயர்ப்பலகையில் எஸ். முத்து என்றிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சுடலைமுத்து; அவள் ஊர்ப்பக்கத்துப் பெயர். அந்தச் சுடலையை எந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் தலைநகருக்கு வந்தாரோ, தெரியாது.

உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். அமர்வின் தொடக்கத்தில், உண்மையை மட்டுமே சொல்வேன் என்று அவரும் எடுக்க வேண்டியிருந்தது. எழுந்து நிற்க ஒரு கணம் யோசித்தார். அவரை அப்படி யாரும் நிற்கச் சொன்னதில்லை. குழுத் தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தார்.

அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தேர்தலில் நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அவள் வந்தது இசக்கிதுரைக்காக.

அவள் தொகுதிப் பையன். காற்றாலை மெக்கானிக். டீ குடித்துக்கொண்டிருந்தவனைச் சீருடை இல்லாத சிலர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ், நாங்கள் இல்லை என்றது. இந்த அமைப்போ நீதிமன்றத்திலேயே கையை விரித்துவிட்டது. எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், இருக்கிறானா என்று கேட்கத் தொடங்கியிருந்தது.

யார் உத்தரவில் பிடித்தீர்கள் என்று கேட்டாள். அந்த ஜீப் யாருடையது என்று கேட்டாள்.

எங்கள் பதிவுகளில் அப்படி யாரும் இல்லை.

கேள்விகளைத் தமிழில்தான் கேட்டாள். இங்கிலீஷில் கேட்டால்தான் மதிப்பார்கள் என்று கட்சிக்காரர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்டது எந்தப் பாஷையில் என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிட்டு வந்திருந்தாள். அவரோ தமிழே தெரியாதவர்போலக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பு வந்து முடியும்வரை காத்திருந்து பதில் சொன்னார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருந்தது.

அவளிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது முப்பிடாதி சொல்லிவிட்டது மட்டும்தான். முப்பிடாதி இசக்கிதுரையின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து வந்தாள். எப்போது விடுவார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா. பய சாப்பிடுதானான்னு மட்டும் கேளுங்க."

இதையெல்லாம் இந்த அறையில் கேட்பதா? அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்தாள். மேடைத் தமிழையும் ஓரமாக வைத்தாள். சந்தையில் பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பய ஒழுங்கா சாப்பிடுதானா?"

"சாப்பிடுதான், சாப்பிடுதான்."

மொழிபெயர்ப்பாளர் இன்னும் வாயையே திறக்கவில்லை.

எஸ். முத்து அதைச் சொல்லவில்லை. சுடலைமுத்து சொன்னார்.

கேள்வியும் பதிலும் ஆங்கிலமாகி ஒவ்வொரு காதாகப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. இயக்குநர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

தலைவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் சொன்னது இறந்தகாலமா, நிகழ்காலமா?

நிகழ்காலம், ஐயா. சாப்பிடுகிறான்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷத்துப் பதவியையும் ஆங்கிலத்தையும் தாண்டி ஒரு சொல் உள்ளே போய் சுடலைமுத்துவை வெளியே கூட்டி வந்துவிட்டது. அதுவும் முப்பிடாதியின் சொல்.

தலைவர் குரலை உயர்த்தவில்லை. அந்த இளைஞரைக் குழுவின் முன் கொண்டுவாருங்கள் என்றார். அந்த அமைப்பைப் பார்த்து இந்த நாட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இயக்குநர் எழுந்து நின்றார். இந்த முறை யோசிக்கவில்லை.

வெளியே வந்து பெட்டியிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

உள்ளே கேட்டதில் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. கையை உயர்த்திச் சொன்ன சொல். அதை அவள் மீறப் போவதில்லை.

முதல் மணியிலேயே முப்பிடாதி எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

"யக்கா, ராத்திரிக்கு உலை வச்சாச்சா?"

"இனிமேத்தாம்மா வைக்கணும்."

"நாளையிலருந்து ஒரு பிடி அரிசி கூடப் போட்டுப் பழகுங்க."



முப்பிடாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அவனுக்குச் சோறு குழைஞ்சா ஆகாதும்மா."